பெரிய இடத்துக்குப் போன திருநீறு

நான் மூண்டு வருசம் ஒரு கான்ஸ்லருக்குக் கூட்டித் துடைச்சு, சூப் வைச்சுக் குடுத்தனான். சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம். ஜெர்மனியிலை கான்ஸ்லர் எண்டா நாட்டையே நடத்திற ஆள். என்ரை ஆள் பதினாலு நாள்தான் கான்ஸ்லர். அதுவும் விளையாட்டுக்கு. ஆனா அந்த விளையாட்டிலை மனுசன் கையெழுத்து வைச்சது அணுகுண்டுக்கு.

ஹம் எண்ட ஊரின்ரை ஸ்டேசனிலை இருந்து பஸ்ஸிலை ஆறு தரிப்புத் தள்ளி அவரின்ரை வீடு. எண்பது தாண்டின கிழவன். மனுசி செத்து, பிள்ளையளும் இல்லை. நான் மூத்த மகளோடை இருந்தன். அவள் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை ஆரோ சொல்லித்தான் இந்த இடம் கிடைச்சது. கிழமையிலை மூண்டு நாள் போவன். என்ரை டொச், அதுதான் ஜெர்மன் பாசை, சல்லடை மாதிரி. பெரிய சொல்லு மட்டும் மேலை நிக்கும், சின்னதெல்லாம் கீழை போயிடும். அவருக்குப் பாதிக் காது கேளாது. அதாலை எங்களுக்குள்ளை சண்டை வரேல்லை.

சரியான ஒழுங்குக்காரன். பன்ரெண்டரைக்குச் சூப் எண்டா பன்ரெண்டு முப்பத்தொண்டுக்கு மணிக்கூட்டைப் பாப்பார். நிலக்கீழ் அறையிலை தகரப் பேணியள், தண்ணிப் போத்தல், மெழுகுதிரி, எல்லாம் திகதி எழுதி அடுக்கிக் கிடக்கும். பழசை முன்னுக்கு எடுத்து, புதுசைப் பின்னுக்கு வைக்கோணும்.

"ஆரோடை ஐயா சண்டைக்கு நிக்கிறியள்?" எண்டு கேட்டன்.

"ஆரோடையும் இல்லை. பழக்கம்."

"எங்கடை ஆக்களும் உப்பிடித்தான். அரிசி மூட்டையை ஒளிச்சு வைப்பினம். நீங்கள் பூசணிக்காயை ஊறுகாய் போட்டு வைச்சிருக்கிறியள். சண்டை வந்தா முதல் வயித்தாலை போய்ச் சாவியள்."

சிரிக்க மாட்டார். மூக்கை மட்டும் ஒருக்கா ஆட்டுவார். அதுதான் சிரிப்பெண்டு விளங்க எனக்கு ஆறு மாதம் போச்சு. இன்னொண்டு, பட்டாணிச் சூப் வைச்சா தொடமாட்டார். ஏனெண்டு கேட்டாலும் சொல்லமாட்டார். தட்டைக் கையாலை தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏதோ பெருநாள். அதாலை சனிக்கிழமை போனனான். அண்டைக்குச் சூப் வெள்ளனவே முடிஞ்சுது, தூக்கிக்கொண்டு குசினியாலை வாறன். மணி பன்ரெண்டு. ஊரெல்லாம் சைரன் கூவத் தொடங்கிச்சு. மாதத்திலை முதல் சனிக்கிழமை சும்மா ஊதிப் பாக்கிறதெண்டு எனக்குத் தெரியும், பேப்பரிலையும் போடுவினம். தெரிஞ்சு என்ன. மூளைக்குத் தெரியும், கால் கேக்கோணுமே. சூப் நிலத்திலை, நான் மேசைக்குக் கீழை. காதை ரெண்டு கையாலையும் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து வைச்சிருக்கிறன். குண்டு விழேக்கை வாயைத் திறந்து வைக்கோணும், இல்லாட்டிக் காதுச் சவ்வு போயிடும். எங்கடை குழந்தைப்பிள்ளைக்கும் தெரிஞ்ச விசயம் அது.

கண்ணைத் திறந்து பாத்தா, மற்றப் பக்கத்தாலை கான்ஸ்லர் தவண்டு வாறார். கைத்தடி வெளியிலை, ஆள் உள்ளை.

சைரன் அடங்கிச்சு. பிறகு அவர் சொன்னார், "ஒவ்வொரு மாதமும் இப்பிடித்தான். இதுவரைக்கும் ஒருத்தரும் பாக்கேல்லை."

"நானும் பாக்கேல்லை," எண்டன். "ஆனா ஐயா, குண்டு தாங்க இந்த மேசை காணாது. மேலை அடுக்கப் பனைமரக் குத்தி வேணும்."

மனுசன் விடேல்லை. சூப்புக்கு நடுவிலை இருந்துகொண்டே எத்தினை குத்தி, அதுக்கு மேலை எவ்வளவு மண், எந்தப் பக்கம் வாசல் எண்டு கேட்டார். நான் விரலாலை சூப்பிலை கீறிக் காட்டினன். பங்கர் நேரா வெட்டப்படாது, 'ட' மாதிரி மடக்கோணும். சிதறின துண்டு மூலை திரும்பாது. ரெண்டு வாசல் வேணும், ஒண்டு மூடினா மற்றதாலை வரலாம். இறங்க முதல் தடியாலை தட்டோணும், பாம்பு நாங்கள் வாறதுக்கு முதலே வந்திருக்கும்.

அதுக்குப் பிறகுதான் தன்ரை பங்கரைப் பற்றிச் சொன்னார். ஒரே நாளிலை இல்லை. சூப்புக்குச் சூப்பு கொஞ்சம் கொஞ்சமா, ஆரோ ஒளிஞ்சு கேக்கினம் மாதிரிக் குரலைத் தாழ்த்தி.

மலைக்குள்ளை சுரங்கமாம். கிலோமீற்றர் கணக்கிலை. அணுகுண்டுச் சண்டை வந்தா நாட்டைக் கொண்டு நடத்திறவை எல்லாரும் அதுக்குள்ளை போய் இருந்து நடத்திறதாம். கட்டில், குசினி, தலைமயிர் வெட்டுற கதிரை எல்லாம் இருந்ததாம்.

"பெண்டாட்டி பிள்ளையள்?"

"இல்லை. அலுவலுக்கு வேண்டிய ஆக்கள் மட்டும்."

"வெளியிலை எல்லாரும் செத்தாப் பிறகு உள்ளுக்கை ஆருக்கு ஐயா அலுவல்?"

அவர் கரண்டியைக் கோப்பைக்குள்ளை வைச்சிட்டார். அண்டைக்கு அவ்வளவுதான்.

இவர் அரசாங்கத்திலை கடிதம், கோப்பு பாக்கிற உத்தியோகத்தர். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அந்தச் சுரங்கத்துக்குள்ளை போய்ச் சண்டை வந்த மாதிரி விளையாடிப் பாப்பினமாம். முதல் வருசங்களிலை இவருக்கு வேலை, வெளியிலை இருந்து வாற கடிதங்களை எழுதிறது. பொய்க் கடிதங்கள். ஒரு ஊர்த் தலைவர் பஸ் அனுப்பச் சொல்லிக் கேக்கிற மாதிரி, ஒரு ஆசுப்பத்திரி மருந்து கேக்கிற மாதிரி. ஒருக்கா ஒரு மனுசி எழுதின மாதிரி எழுதினவராம்: எங்கடை பக்கம் குண்டு போடாதையுங்கோ, பசுவெல்லாம் பால் கறக்கக் கிடக்கு எண்டு.

"பொம்பிளை மாதிரி எழுத உங்களுக்குத் தெரியுமே?"

"என்ரை அக்காவை நினைச்சு எழுதினனான்."

பிறகு ஒரு வருசம் இவரையே கான்ஸ்லரா இருத்தினவை. உண்மையான தலைவர் உந்த விளையாட்டுக்கு வரமாட்டார், அவருக்கு வேற வேலை. இவர் சட்டையிலை சின்ன அட்டை ஒண்டு குத்திக்கொண்டு மேசைத் தலைப்பிலை இருந்தவராம். பகலும் இல்லை, இரவும் இல்லை, ஒரே லைற் வெளிச்சம். கடைசி நாள் ஒரு கேள்வி வந்துது: எதிரி கிட்ட வந்திட்டான், அணுகுண்டு போடுறதோ, விடுறதோ. இருவது நிமிசம் குடுத்தவை. வரைபடத்திலை வட்டம் வட்டமாக் கீறி வைச்சிருந்தினமாம். எல்லா வட்டமும் இவையின்ரை நாட்டுக்குள்ளைதான்.

"உங்கடை ஆக்களின்ரை தலையிலையே?"

"ஓம்."

"ஒருத்தரும் கத்தேல்லையோ?"

"இல்லை. ஒராள் கோப்பி வேணுமோ எண்டு கேட்டார்."

ஒரு வட்டத்துக்குள்ளை அவரின்ரை அக்கா இருந்த ஊர். கண்டவராம். இது வெறும் கடதாசி எண்டு நினைச்சவராம். எதிரியின்ரை மேசையிலை இருக்கிறவனும் இதையேதான் நினைப்பான் எண்டதும் அப்பவே விளங்கினதாம். எண்டாலும் கையெழுத்து வைச்சார். பக்கத்திலை ஒரு தட்டு நிறையக் கடிதம் வந்து கிடந்தது. ஒண்டும் வாசிக்கேல்லை, நேரம் இல்லை. எல்லாம் முடிஞ்ச பிறகு எடுத்துப் பாத்தா, மேலாலை கிடந்தது அந்தப் பசுக்காரியின்ரை கடிதம். முந்தி இவர் எழுதினது, ஆரோ திரும்ப எடுத்துப் போட்டிருக்கினம்.

"பிறகு?"

"பிறகு சாப்பாடு தந்தவை. பட்டாணிச் சூப்."

அண்டையிலை இருந்துதான் நான் அவரைக் கான்ஸ்லர் ஐயா எண்டு கூப்பிடத் தொடங்கினது. பகிடிக்குத்தான். வேற ஆரும் அப்பிடிக் கூப்பிட்டிருந்தா அழுதிருப்பார். எனக்கு மூக்கை ஆட்டினார்.

இதுக்கிடையிலை வன்னியிலை சண்டை இறுகிச்சு. என்ரை சின்னவள் அங்கை. புருசன் உழவு மெசின் ஓடுறவன், பிள்ளையள் ரெண்டு. ஆம்பிளைப்பிள்ளைக்கு ஒன்பது, பொம்பிளைப்பிள்ளைக்கு நாலு. இடம் மாறி மாறி ஓடுறாள். எங்கை போனாலும் முதல் பங்கர் வெட்டி, பிறகு அடுப்பு மூட்டுவள். எப்பவாவது ரெலிபோன் எடுப்பள். ஜனவரியிலை எடுத்தவள்.

"அம்மா, இது ஏழாவது பங்கர். மழைத் தண்ணி இடுப்புக்கு நிக்குது. பிள்ளையளை வாளியிலை இருத்தி வைச்சிருக்கிறன்."

"பாம்பு பாத்தனியோ?"

"பாம்பும் வெளிக்கிட்டிட்டுது அம்மா. அதுக்கு விசரே?"

எனக்குச் சிரிப்பும் வந்துது. என்ரை வயித்திலை பிறந்ததெல்லோ. பிறகு அவள் சொன்னாள், "அம்மா, நீங்கள் பெரிய நாட்டிலை இருக்கிறியள். ஆரிட்டையாவது சொல்லுங்கோவன்." அதோடை அறுந்து போச்சு.

ஆரிட்டைச் சொல்லுறது? மூத்தவள் ஊர்வலத்துக்குப் போனாள். என்னையும் ரயிலிலை ஏத்தி டுசல்டோர்ஃப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பனிக்குள்ளை மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டம். ரோட்டாலை போன ஒரு வெள்ளைக்கார மனுசி என்ன விக்கிறியள் எண்டு கேட்டா. மட்டையிலை மகளின்ரை பேரும் இல்லை, பிள்ளையளின்ரை பேரும் இல்லை. உதைப் பாத்து ஆருக்கு என்ன விளங்கும்? அப்பதான் நினைச்சன், என்ரை கையிலை ஒரு கான்ஸ்லர் இருக்கிறார், நான் ஏன் ரோட்டிலை நிக்கிறன்.

அடுத்த நாள் கேட்டன். "ஐயா, உண்மையான கான்ஸ்லரின்ரை மேசைக்குக் கடிதம் எப்பிடிப் போகுமெண்டு உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒண்டு எழுதித் தாங்கோ."

"அங்கை கடிதம் வாசிக்க மாட்டினம்," எண்டார்.

"நீங்கள் வாசிக்கேல்லை. வேற ஆள் வாசிக்கலாமெல்லோ."

எழும்பிப் போய்த் தட்டச்சு மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் சொல்லச் சொல்ல அவர் வெட்டுறார். ஒரு பக்கத்துக்கு மேலை போகப்படாதாம். கேள்வி மூண்டாவது வரிக்குள்ளை வந்திடோணுமாம். கண்ணீரெண்ட சொல்லு வந்தா வேற தட்டுக்குப் போயிடுமாம், அந்தத் தட்டு ஒரு நாளும் மேலை போகாதாம்.

"அழுகையை எடுத்தா என்ன ஐயா மிஞ்சும்?"

"விலாசம்."

எண்டாலும் வாளியை வெட்டாமல் விட்டார். நாலு வயசுப் பிள்ளை வாளிக்குள்ளை இருக்கிறது அழுகை இல்லையாம், தகவலாம். மூண்டாவது வரியிலை கேள்வி: எங்கடை நாட்டுத் தலைவரோடை ஒருக்கா ரெலிபோனிலை கதைச்சு, பிள்ளையள் வெளியிலை வாற அளவுக்காவது நிப்பாட்டச் சொல்லுவியளோ? கீழை என்ரை பேர். அனுப்பிறவர் எண்ட இடத்திலை அவரின்ரை பேரும் விலாசமும். தெரிஞ்ச பேர் இருந்தா ஒருவேளை திறப்பினமாம்.

பிழை நான் விட்டது. அவர் முத்திரை எடுக்க மற்ற அறைக்குப் போனார். பெரிய மனுசரட்டை வெறுங்கையோடை போகப்படாதெண்டு எங்களுக்குப் பழக்கம். வேற என்னத்தை அனுப்புறது, வடையே? அதோடை, எங்கடை வீட்டிலை திருநீறு படாமல் ஒரு அலுவலும் வெளிக்கிடாது. மருமகன்ரை விசா விண்ணப்பத்துக்கு நாலு மூலையிலையும் தடவித்தான் அனுப்பினனான், விசா கிடைச்சது. இது விசாவிலும் பெரிய அலுவல். அதாலை கைப்பையிலை இருந்த கோயில் திருநீற்றை, கடதாசியிலை சுத்தின சரையோடை, மடிச்ச கடிதத்துக்கை வைச்சு, என்ரை நாக்காலையே ஒட்டி மூடினன். அவர் வந்து முத்திரை குத்தி, நேரா இருக்கோ எண்டு அடிமட்டம் வைச்சுப் பாத்தார்.

அடுத்த கிழமையெல்லாம் மனதுக்குள்ளை அந்தக் கடிதத்தோடைதான் திரிஞ்சன். இப்ப ரயிலிலை போகும். இப்ப படி ஏறும். இப்ப மேசையிலை இருக்கும்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ மணி அடிச்சுது. வாசலிலை ஒரு ஆணும் ஒரு பெண்ணும், சாதாரண உடுப்பு, பொலிஸ். எனக்கு முதல் வந்த நினைப்பு, மறுமொழி வந்திட்டுது, மரியாதைக்கு ஆளனுப்பி இருக்கினம். கோப்பி போட ஓடினன்.

கோப்பிக்கு வரேல்லை. கடிதம் உடைக்கிற இடத்திலை கடதாசிச் சரை கிழிஞ்சு தூள் கொட்டினதாம். அந்தக் காலம் கடிதத்துக்கை விசத்தூள் வைச்சு அனுப்புறாங்கள் எண்டு எல்லாருக்கும் பயம். கதவெல்லாம் பூட்டி, ஆக்களுக்கு உடுப்பு மாத்தி, தலையிலை இருந்து கால் வரை மூடின ஆக்கள் வந்து அள்ளிக்கொண்டு போனவையாம். ஒரு சிட்டிகைக்கு.

கான்ஸ்லர் ஐயாவின்ரை முகம் சுவர் மாதிரிப் போச்சு. நாப்பது வருசம் அரசாங்கத்துக்குக் கோப்புத் தூக்கின மனுசன். "என்ரை வீட்டிலை இருந்து போன கடிதம். நான்தான் பொறுப்பு," எண்டார்.

"அவருக்கு ஒண்டும் தெரியாது," எண்டு நான் குறுக்கை விழுந்தன். டொச்சிலை திருநீற்றுக்கு என்ன சொல்லுறது? சாம்பல், மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுத்தது எண்டு சொன்னன். பொலிஸ்காரிக்கு அது இன்னும் மோசமாக் கேட்டிருக்கோணும். அவள் ஒரு அடி பின்னாலை போனாள். சரி, காட்டினாத்தான் விளங்கும். கைப்பையிலை இருந்த மற்றச் சரையைப் பிரிச்சு, நெத்தியிலை பூசி, மிச்சத்தை அண்ணாந்து வாயிலை போட்டன். அவள் பாஞ்சு வந்து என்ரை கையைப் பிடிச்சாள். நான் விழுங்கிப் போட்டன்.

நாலு பேரும் நிண்டம். நான் சாவனோ எண்டு பாத்துக்கொண்டு.

"கொஞ்சம் உப்புக் குறைவு," எண்டன்.

ஐயா மட்டும் மூக்கை ஆட்டினார்.

பிறகு பொலிஸ்காரன் இருந்தான். இளந்தாரி. கடிதத்தின்ரை கொப்பி அவனட்டை இருந்துது. ஒவ்வொரு வரியா விரல் வைச்சு வாசிச்சான். வாளியிலை விரல் நிண்டுது. "உங்கடை மகள் இப்ப எங்கை?" எண்டு கேட்டான்.

"எட்டாவது பங்கரிலை எண்டு நினைக்கிறன்."

எழுதினான். அந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசிச்சது அவன் ஒருத்தன்தான் எண்டு நான் நினைக்கிறன். அதுவும் தூளுக்காக.

"இனி இந்தக் கடிதம் கான்ஸ்லரட்டைப் போகுமோ?" எண்டு கேட்டன்.

"சோதனை முடியும் வரைக்கும் இல்லை. இது இப்ப வழக்குப் பொருள்."

"சோதிக்க எவ்வளவு நாள்?"

அவனுக்குத் தெரியேல்லை. பொலிஸ்காரி என்ரை கையை அப்பவும் விடேல்லை, நாடி பாக்கிற மாதிரிப் பிடிச்சிருந்தாள். இனி உப்பிடிச் செய்யாதையுங்கோ எண்டு மெதுவாச் சொன்னாள்.

அவை போனாப் பிறகு நான் ஐயாவைப் பாக்கேல்லை, நிலத்தைத் துடைச்சன். துடைச்ச இடத்தையே துடைச்சன். கடிதத்தின்ரை கழுத்தை நெரிச்சது நான். சும்மா விட்டிருந்தா ஆராவது ஒருத்தர் வாசிச்சிருப்பினமோ? கனகாலத்துக்குப் பிறகு ஒருக்கா அவரட்டை இதைக் கேட்டன். "தூள் இல்லாட்டி அது தட்டிலை கிடந்திருக்கும்," எண்டார். என்னை ஆறுதல் படுத்தச் சொன்னாரோ, உண்மையாச் சொன்னாரோ தெரியாது. ரெண்டும் எனக்கு ஒரே அளவு நோவுதான்.

இன்னொரு கடிதம் எழுதுவம் எண்டு அவரே கேட்டார். எழுதினம். அதிலை திருநீறு இல்லை. அதுக்கு மறுமொழியும் இல்லை.

மே மாதம் எல்லாம் முடிஞ்சுதெண்டு ரீவியிலை சொன்னாங்கள். முடிஞ்சவைக்கு முடிஞ்சுது. முகாமுக்கு வந்த ஆக்களின்ரை பேர்ப் பட்டியலை மூத்தவள் கம்பியூட்டரிலை தேடினாள். ஒருத்தரின்ரை பேரும் இல்லை. பக்கத்துப் பங்கரிலை இருந்த ஒரு மனுசி ரெலிபோனிலை கிடைச்சா. "கடைசியா ஏப்ரலிலை கண்டனான் அக்கா. நாங்கள் வெளிக்கிட அவை நிண்டவை. பிறகு அந்தப் பக்கம் பாக்க ஏலாமல் போச்சு," எண்டா. பாக்க ஏலாமல் எண்டா என்னெண்டு நான் கேக்கேல்லை.

ஆடி மாதம், ஐயா வீட்டுத் தபால் பெட்டிக்கை ஒரு பெரிய உறை. உள்ளை எங்கடை முதல் கடிதம், பிளாஸ்டிக் பைக்குள்ளை. அதோடை ஒரு தாள். பொருள் ஆபத்தற்றது, உரியவருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது எண்டு இருந்ததாம். கடிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தூளைப் பற்றித்தான் அவ்வளவும்.

நான் அவரை மேசைத் தலைப்பிலை இருத்தினன். பையைப் பிரிச்சுக் கடிதத்தை முன்னாலை வைச்சன். மடிப்புக்குள்ளை இன்னும் கொஞ்சம் சாம்பல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கான்ஸ்லர் ஐயா, உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. வாசியுங்கோ. இருவது நிமிசம் தாறன்."

மூக்கு ஆடேல்லை. கண்ணாடியைப் போட்டு, பலமா வாசிச்சார், தான் அடிச்சதையே. ஏழாவது பங்கர். தண்ணி இடுப்பளவு. பிள்ளைகள் வயது ஒன்பது, நான்கு. மூண்டாவது வரியிலை கேள்வி வந்துது. கதைத்து நிப்பாட்டச் சொல்லுவீர்களோ? அந்த இடத்திலை நிண்டார்.

நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருந்தன். அவர் கடிதத்தைப் பாத்துக்கொண்டிருந்தார். இருவது நிமிசம் எவ்வளவு நீளம் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. அதுக்குள்ளை நாலு பேருக்குச் சோறு வடிக்கலாம். ஒரு பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னலாம். ரெண்டு பேர் ஓடி ஒளிக்கப் பனங்குத்தி உருட்டலாம்.

"நேரம் முடிஞ்சுது," எண்டன்.

"ஓம்," எண்டார். "ஓம், கதைக்கிறன் எண்டு எழுதுங்கோ."

"எனக்கு டொச் எழுதத் தெரியாது ஐயா."

தானே பேனையை எடுத்தார். கடிதத்துக்குக் கீழை 'ஓம்' எண்ட ஒரு சொல்லு, அதுக்குக் கீழை கையெழுத்து. பிறகு தலையைக் குனிஞ்சுகொண்டார், நான் பாக்கப்படாதெண்டு.

கடிதத்தைத் திருப்பிப் பைக்குள்ளை வைச்சன். எங்கை அனுப்புறது? குசினிக்குப் போய்ச் சூப்பைச் சூடாக்கினன். அண்டைக்குப் பன்ரெண்டரை எப்பவோ தாண்டியிட்டுது, அவர் மணிக்கூட்டைப் பாக்கேல்லை.

சின்னவளின்ரை நம்பருக்கு நான் இப்பவும் எடுக்கிறனான். ஒரு பொம்பிளை சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் இந்த இலக்கம் பாவனையிலை இல்லை எண்டு சொல்லுறாள். மூண்டு பாசையிலும் சொல்லி முடிக்குமட்டும் கேப்பன். பிறகு வைப்பன்.